உள்பக்கத் தாழ்ப்பாள்

முதலில் ஒரு திருத்தம். அமரர் அங்கமுத்து மாகாண சபையில் பேசிய பேச்சுகளையெல்லாம் எழுதிக் கொடுத்தவள் நான்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு.

மரணச் செய்தியைக் கொண்டுவந்தவரே அந்தத் தவறையும் சேர்த்துக் கொண்டுவந்தார். எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவர் சிவலிங்கம் அன்று காலை என் வாசலில் வந்து நின்று, "கிளாக்கரம்மா, மந்திரி போயிட்டாருங்க. தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்றார். கையிலிருந்த தேநீர்க் கோப்பையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "இனிமே நீங்க யாருக்குங்கம்மா பேச்சு எழுதுவீங்க?" என்று கேட்டார். துக்கத்தின் நடுவிலும் எனக்குக் கோபம் வந்தது. அங்கமுத்து பக்கத்தில் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

நான் எழுதிக் கொடுத்தவை அவருடைய கடிதங்கள் மட்டுமே. அவர் தமிழில் சொல்லுவார். நான் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கொடுப்பேன். பேச்சு முழுவதும் அவருடையது. நான் எழுதியிருந்தால் அதில் அத்தனை பிழைகள் இருந்திருக்காது. அத்தனை கைதட்டலும் கிடைத்திருக்காது. அவர் மந்திரியும் அல்லர், மாகாண சபை உறுப்பினர். ஆனால் கஹவத்தை பஸ்நிலையத்தில் கடலை விற்பவர் முதல் எங்கள் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை வரை எல்லோரும் அவரை மந்திரி என்றே அழைத்தார்கள். அதைத் திருத்தப் பல ஆண்டுகள் முயன்று தோற்றவள் நான். ஆகவே இங்கும் மந்திரி என்றே எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் அறிந்தது ஒரு ஜன்னல் வழியாகத்தான். என் கணவர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தார். தொழிலாளர்கள் எதையாவது கேட்க வந்தால் அலுவலகத்துக்குள் வரக்கூடாது. வெளியே நின்று ஜன்னல் வழியாகப் பேச வேண்டும். எழுதப்படாத சட்டம் அது. அங்கமுத்து ரப்பர் பால் வெட்டுகிறவராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த காலத்தில் நாள் தவறாமல் அந்த ஜன்னலுக்கு வருவார். தேர்தலில் வென்ற மறுநாளும் கழுத்தில் மாலையோடு அங்கேயே வந்து நின்றார்.

என் கணவர் எழுந்துபோய், "உள்ளே வாங்க அங்கமுத்து. இனி நீங்க வெளியே நிக்கக்கூடாது" என்றார்.

"இருக்கட்டுங்கய்யா. இந்த ஜன்னல்ல நின்னாத்தான் எனக்குப் பேச்சே வருது. உள்ள வந்து ஒக்காந்தா ஒங்கள மாதிரி யோசிக்க ஆரம்பிச்சிருவேன்" என்றார் அவர்.

என் கணவர் அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்று மாலையே, கடிதங்கள் எழுத என் உதவி தேவை என்று மந்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்துதான் பேசினார். "கிளாக்கரய்யா ஆபீசுலதானுங்க ஜன்னல். அம்மா வீட்டுல கதவுதான்" என்றார்.

முதல் கடிதத்திலேயே எங்களுக்குள் சண்டை. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் மலசலகூடம் இல்லை என்று சுகாதார அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருந்தது. நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் வளர்ந்தவள். அந்த இடத்துக்குப் போக வேண்டுமானால் ஒரு விரலை உயர்த்த மட்டுமே சகோதரிகள் எங்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். ஆகவே 'சுகாதார வசதிகள் போதாமை' என்று எழுதி, தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"வசதின்னு எழுதாதீங்கம்மா" என்றார் மந்திரி. "வசதின்னா இருக்குறவங்க இன்னும் கொஞ்சம் கேக்குறது. எங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க. கக்கூஸுன்னே எழுதுங்க."

"அந்த வார்த்தை என் பேனாவில் வராது."

"அப்போ பேனாவ இங்கிட்டு குடுங்க, நான் எழுதுறேன்."

நான் பேனாவைக் கொடுக்கவில்லை. சொல்லை எழுதினேன். கடிதத்தின் கடைசியில், 'தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். எல்லாக் கடிதங்களிலும் அந்த வரி வந்தது, அதுவும் அவருடையதே. அலுவலகங்களில் யாராவது, "செய்வோம், பார்ப்போம்" என்று தோளைத் தட்டி அனுப்பினால் அவர் நகரமாட்டார். "கோவிச்சுக்காதீங்க மஹத்தயா, இப்ப சொன்னத ஒரு தாள்ல போட்டுக் குடுத்துருங்க. நான் மறதிக்காரன்" என்பார். அவரைப்போல நினைவாற்றல் உள்ள மனிதரை நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு முறை நான் அவருக்குப் பேச்சு எழுதியது உண்மை. வரவு செலவுத் திட்ட விவாதம். நல்ல சிங்களத்தில், அடுக்கடுக்காக, மேற்கோள்களோடு எழுதினேன். அதைக் கேட்பதற்காக நானும் என் கணவரும் ரத்தினபுரிக்குப் போய்ப் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தோம். மந்திரி எழுந்தார். என் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், மரியாதையாக ஒரு தடவை பார்த்தார், மடித்து மறுபடியும் பைக்குள் வைத்தார். பிறகு கஹவத்தைச் சந்தையில் பேசுகிற சிங்களத்தில் ஆரம்பித்தார்.

"கௌரவ தவிசாளர் அவர்களே, தேநீர் இடைவேளையில் நாம் எல்லோரும் எழுந்து போனோம். எங்கே போனோம் என்று நான் கேட்கமாட்டேன். ஆனால் போன இடத்தில் ஒரு கதவு இருந்தது அல்லவா? கதவைச் சாத்தினீர்கள் அல்லவா? எங்கள் லயத்துப் பெண்கள் அதற்காக இருட்டும் வரை காத்திருக்கிறார்கள்."

சபை முதலில் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. எதிர்வரிசையிலிருந்து ஒருவர், "வெசிகிலி மந்திரிதுமா!" என்று கூவினார். கக்கூஸ் மந்திரி என்று பொருள். அங்கமுத்து திரும்பி அவரைப் பார்த்துக் கைகூப்பினார். அந்தப் பட்டம் அன்றே ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. எங்கள் வண்டி தோட்டத்துக்குள் நுழைவதற்கு முன்பே பிள்ளைகள் அப்படிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். "பேரும் வச்சாச்சு, இனி கட்டித்தானே ஆகணும்" என்றார் அவர்.

சபையில் இருந்த காலத்தில் அவரால் கட்ட முடிந்தது கொஞ்சம்தான். அடுத்த தேர்தலில் தோற்றார். ஆறுதல் சொல்ல நாங்கள் போனபோது வீட்டில் ஆளில்லை. கஹவத்தை டவுனில் அவருடைய மைத்துனரின் சீமெந்துக் கடையில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் தோல்வியின் சாயலே இல்லை.

"கிளாக்கரம்மா, மைத்துனன் கடைய என் கையில குடுத்துட்டு மகன்கிட்ட போறானாம். சீமெந்து இருக்கு, தகரம் இருக்கு, பீங்கான் இருக்கு. இனி கடதாசி எழுத வேணாம். நானே கட்டிர்றேன்!"

"அப்போ என் வேலை போச்சா?" என்றேன்.

"ஒங்களுக்கு எப்புடிங்க போகும்? தண்ணி வேணும்ல, தண்ணிக்கு எழுதணும்."

அப்படித்தான் அவருடைய இரண்டாவது வாழ்க்கை தொடங்கியது. முதல் வாழ்க்கையைவிட அதுவே நீண்டது, அதுவே மகிழ்ச்சியானது. கடையிலிருந்து பொருள் அவர் தருவார். குழியை லயத்து ஆண்கள் கூலி வாங்காமல் சிரமதானமாக வெட்ட வேண்டும். பக்கத்துக் கிராமத்திலிருந்து பியதாச என்ற மேசன் வந்து கட்டுவார். எல்லோரும் அவரை பாஸுன்னே என்று அழைப்பார்கள். ஆண்கள் குழி வெட்ட வராத லயத்துக்கு மந்திரி மண்வெட்டியோடு தானே போய் இறங்குவார். கொஞ்ச நேரத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வருவார்கள்.

இப்படிக் கட்டிய முதலாவது மலசலகூடத்தைத் திறந்த நாளை மறக்க முடியாது. எங்கள் தோட்டத்தின் மேல் டிவிசனில், வாழைமரம் கட்டி, தோரணம் கட்டி, தப்பு அடித்து, ஏக அமர்க்களம். திறப்பு விழா என்றால் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று சிவலிங்கம் கோயிலிலிருந்து விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இந்த இடத்தில் கோயில் விளக்கா என்று பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். பியதாச பாஸுன்னே, "அனே, பால் காச்சுவோம் நே! புது கட்டிடம் நே!" என்று பால் பானையோடு நின்றார். எங்கே வைத்துக் காய்ச்சுவது என்பதில் மறுபடியும் சண்டை.

மந்திரி கையை உயர்த்தினார். "வெளக்கு கோயிலுக்குப் போகட்டும். பால காச்சி எல்லாரும் குடிங்க. தொறப்பு விழான்னா கதவத் தொறக்குறதுங்க. இங்க கதவ மூடுறதுதான் விழா. யாருக்கு அவசரமோ அந்த அம்மா உள்ள போய் தாப்பாளப் போடட்டும். நாம எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நடப்போம்."

அப்படியே செய்தோம். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் தப்பு அடித்தார்கள். நானும் கைதட்டினேன். கன்னியர் மடத்துச் சகோதரிகள் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

இனி, இந்தக் கட்டுரையை நான் எழுதுவதற்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

சில மாதங்கள் கழித்து, கட்டியவை எப்படி இருக்கின்றன என்று பார்க்க மந்திரி ஒரு மாலை மேல் டிவிசனுக்குப் போனார். நானும் உடன் போனேன். எல்லாம் துப்புரவாக இருந்தன. ஆனால் கடைசி லயத்துக் கூடம் ஒன்றின் முன்னால் வாளிகளோடு பெண்கள் வரிசையில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாங்க, உள்ள யாரு?"

"தவமணிங்க. உள்ள போனா வெளிய வரவே மாட்டா. தெனமும் இதே கூத்துதான்."

மந்திரி கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல், கொஞ்சமும் தயங்காமல், "ஆள் இருக்கு!" என்றது.

"ஆள் இருக்குன்னு தெரியுது தாயி. வயித்துக்கு ஏதும் சொகமில்லையா?"

பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பெண். ஒரு கையில் கவிழ்த்த வாளி, மறு கையில் கணிதப் புத்தகம், காதில் பென்சில். வாளியின் மேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வரிசையில் நின்ற அவளுடைய அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அடியேய், மானத்த வாங்குறியே! வீட்டுல ஒனக்கு எடமில்லையா?"

"எடம் இருக்குமா. கதவு இல்ல" என்றாள் தவமணி.

லயக் காம்பராவை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரே அறை, அதில்தான் அடுப்பு, தூக்கம், வானொலி, விருந்தாளி, சண்டை எல்லாம். அந்த லயம் முழுவதிலும் ஒரு மனிதர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரே இடம், நாங்கள் கட்டிக் கொடுத்த கக்கூஸ்.

மந்திரி சிரிக்கத் தொடங்கினார். கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள், தவமணியும் சிரித்தாள். ஆனால் இறங்கி வரும் வழியில், தொழிற்சாலைத் திருப்பத்துக்கு வந்ததும் நின்றார். "அம்மா, நான் கட்டுனது கக்கூஸுன்னு நெனச்சேன். அந்தப் புள்ள அதுல இருந்து கதவ மட்டும் எடுத்துக்கிச்சு பாருங்க."

அடுத்த மாதமே மேல் டிவிசனில் ஓர் அறை எழும்பத் தொடங்கியது. ஒரு மேசை, உட்கார ஒரு வாங்கு, ஒரு ஜன்னல். பியதாச பாஸுன்னே வழக்கம்போல வெளிக்கதவில் பூட்டுக் கொளுவியைப் பொருத்தினார். மந்திரி வந்து பார்த்தார்.

"இதக் கழட்டுங்க பாஸுன்னே."

"பூட்டு எப்பாத? வேணாமா? கள்ளன் வருவான் நே மந்திரிதுமா!"

"உள்ள என்னா இருக்கு களவெடுக்க? மேசயத் தூக்கிக்கிட்டு மலையேறப் போறானா? இந்தா பாருங்க. ஸ்டோருக்குப் பூட்டு, ஆபீசுக்குப் பூட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு, சாமிக்கும் பூட்டு. தோட்டத்துல இருக்குற சாவியெல்லாம் வேற யாருகிட்டயோதான் இருக்கு. இந்த ஒரு கதவுக்காவது சாவி வேணாம். தாப்பாள உள்ள போடுங்க."

பாஸுன்னே கொளுவியைக் கழற்றினார். ஆணி இருந்த துளைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைத்தார். கடையில் இருந்ததிலேயே நல்ல பித்தளைத் தாழ்ப்பாளை உள்பக்கம் பொருத்தினார்கள். முதலில் போகிறவருக்கு அறை சொந்தம். மற்றவர்கள் தட்ட வேண்டும். "ஆள் இருக்கு" என்று கேட்டால் திரும்பிப் போக வேண்டும். என்ன செய்கிறாய் என்று கேட்கக்கூடாது. இவ்வளவுதான் விதி.

மற்ற தோட்டங்களிலும் அப்படியான அறைகளைக் கட்டினார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வந்தார்கள். கொழும்பில் வேலை செய்கிற கணவனுக்குக் கடிதம் எழுத ஒரு பெண் வந்தாள். பத்திரிகையை ஒருவரும் பிடுங்காமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்க வேண்டும் என்று ஒரு கங்காணி வந்தார். பியதாச பாஸுன்னேயின் மகளும் கிராமத்திலிருந்து நடந்து வந்து படித்தாள். புதிதாகக் கல்யாணமானவர்கள் சிலரும் வந்தார்கள். அதைப்பற்றி நான் எழுதமாட்டேன். மந்திரியிடம் யாரோ புகார் சொன்னபோது, "பேசிக்கிறதுக்கும் ஒரு எடம் வேணாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

தவமணி முதல் தடவை கணிதத்தில் தவறினாள். இரண்டாம் தடவை தேறினாள். இன்று எம்பிலிப்பிட்டியவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். மூன்று மொழிகளிலும் விலை பேசுகிறாளாம். அதில் ஆங்கிலம் நான் கற்றுக் கொடுத்தது. இதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

நானும் ஒரு முறை அந்த அறைக்குப் போயிருக்கிறேன். என் கணவர் காலமானபோது வீடு நிறைய உறவினர்கள். எங்கள் பங்களாவில் எத்தனையோ கதவுகள் உண்டு. எந்தக் கதவைச் சாத்தினாலும் யாராவது தேநீரோடும் ஆறுதலோடும் திறந்துகொண்டு வந்தார்கள். கிளாக்கரம்மா தைரியசாலி, கண்ணீர் விடவில்லை என்று என் காதுபடவே புகழ்ந்தார்கள். கண்ணீர் விட எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. மந்திரி என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, வேறு யாருக்கும் கேட்காமல், "மேல ரூம் சும்மாதான் கெடக்கு அம்மா" என்றார்.

போனேன். தாழ்ப்பாள் போட்டேன். வாங்கில் உட்கார்ந்து வேண்டிய மட்டும் அழுதேன். இடையில் யாரோ கதவைத் தட்டினார்கள். என் வாழ்நாளில் முதல் முறையாக, நல்ல உரத்த குரலில், "ஆள் இருக்கு" என்றேன். காலடிகள் திரும்பிப் போயின. அழுகையின் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையைச் சீவிக்கொண்டு இறங்கி வந்தபோது மந்திரி தொழிற்சாலைத் திருப்பத்தில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய விதியை அவரே மீறுவாரா?

மந்திரியின் இறுதிச்சடங்கன்று நடந்ததைச் சிவலிங்கமே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். வந்தவர்களுக்கு நாற்காலி போதாமல், அறையிலிருக்கும் வாங்கை எடுக்கலாம் என்று போய்க் கதவைத் தட்டினாராம். "உள்ளயிருந்து ஆள் இருக்குங்கிறாங்கம்மா! ஊரே எழவு வீட்டுல நிக்கிது, இந்த நேரத்துல உள்ள யாருங்க?" என்றார். யாரென்று எனக்குத் தெரியும். எம்பிலிப்பிட்டிய பஸ்ஸிலிருந்து அவள் இறங்கியதை நான் பார்த்தேன். சிவலிங்கத்திடம் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அவர் கதவைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தாமல் திரும்பி வந்தாரே, அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். விதி அவருக்கும் பழகியிருக்கிறது.

ஆகவேதான் இப்போது அவர் தலைமையிலான நினைவுக் குழு எடுத்திருக்கும் முடிவு எனக்கு வியப்பைத் தருகிறது. அந்த அறையை மந்திரியின் நினைவு மண்டபமாக்கப் போகிறார்களாம். படம் வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றி, மற்ற நாட்களில் வெளியே பூட்டி, சாவியைத் தலைவர் வைத்துக்கொள்வாராம். "தொறந்து கெடந்தா ஆடு மாடு போகும், பயலுக சீட்டு வெளயாடுவானுங்க. மந்திரி படத்துக்கு முன்னால அது மரியாத இல்லீங்களே" என்கிறார் சிவலிங்கம். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. மந்திரி தோற்ற தேர்தலிலும் அவருக்காக வீடு வீடாக நடந்தவர் அவர். படம் வையுங்கள், நல்ல படமாக, சிரிக்கிற படமாக வையுங்கள். மேசையில் இருப்பவரின் தோளுக்கு மேலிருந்து அவர் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். பூட்டு மட்டும் வேண்டாம். மேல் டிவிசனில் இந்த ஆண்டும் பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். வெளியே பூட்டைப் போட்டால், மறுபடியும் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு எங்கே போய் உட்காருவார்கள் என்பது நமக்குத் தெரியும்.

மந்திரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை என்னவென்று இந்த நினைவு மலரில் எழுதச் சொன்னார்கள். என் பேனா எழுத மறுத்த ஒரு சொல்லை இப்போது கூச்சமில்லாமல் எழுதுகிறேன். அது அவர் தந்தது. கைம்பெண்ணான பிறகு என் படுக்கையறைக் கதவில் பொருத்திக்கொண்ட பித்தளைத் தாழ்ப்பாள் அவருடைய கடையிலிருந்து வந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிப் பழகிய ஒரு வரியும் என்னிடம் இருக்கிறது. அதை இன்று, முதல் முறையாக, என் சார்பில் எழுதுகிறேன்.

நினைவுக் குழுவின் தலைவர் திரு. சிவலிங்கம் அவர்களுக்கு: மேல் டிவிசன் அறைக்கு வெளியே பூட்டு போடுவீர்களா, மாட்டீர்களா? கருமாதிக்கு முன்பு, தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.